கடையாள் எத்தனை, வெளியாள் எத்தனை: யாழ்ப்பாணத்து ஏசிக் கடைகளின் கணக்கு

பங்குனி பாதி கடந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஏசி பூட்டித் திருத்துகிற கடைகளின் தொலைபேசி ஓயாது. "இண்டைக்கு ஆள் வருமோ?" என்று திருநெல்வேலியிலிருந்தும் கேட்பார்கள், பருத்தித்துறையிலிருந்தும் கேட்பார்கள். ஐப்பசியில் மழை இறங்கியதும் அதே கடையின் பின்பக்கம் மூன்று பேர் ஒரு பழைய கொம்பிரசரைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகப் பொழுதைப் போக்குவார்கள். சித்திரைக்குப் போதாத ஆட்கள் கார்த்திகைக்குக் கூடிப்போகிறார்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கடைக்கு வெளியே உள்ள சப் கொந்தராத்துக்காரர்கள். கடைகளில் அவர்களை 'வெளியாட்கள்' என்பார்கள். மாதச் சம்பளத்தில் நிற்பவர்களை இங்கே கடையாட்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் இப்படியான சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். ஏசியின் மூடியைக்கூடக் கழற்றத் தெரியாது. சம்பளப் புத்தகத்தையும் பில் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. முதலாளிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இன்னொரு பொடியனைச் சம்பளத்துக்கு எடுக்கிறதோ, வெளியாளுக்கே குடுத்துவிடுறதோ, எது மலிவு?" மலிவு பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்த வேலையில் ஒரு பிழை விட்டால் அது எப்போது வெளியே தெரியும், தெரியும்போது யார் தலையில் விடியும்?

சரி, முதலில் மலிவுக் கணக்கை முடித்துவிடுவோம். பின்வரும் சம்பளமும் கூலியும் கணக்குக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் கடை எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ரெக்னீசியனுக்கு மாதம் 60,000 ரூபாய் சம்பளம் என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது 12 வீதம், அதாவது 7,200. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 1,800. (சேமலாப நிதிக்கு ஊழியர் கட்டும் 8 வீதம் அவர் சம்பளத்திலிருந்தே போகிறது, கடைக்குப் புதுச் செலவு அல்ல.) அடுத்தது பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நின்றவருக்கு, ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் கொடுக்க வேண்டும். சிறிய கடை என்றாலும், ஐந்து வருடம் நின்ற பொடியனை வெறுங்கையோடு அனுப்பினால் ஊரில் கதை வேறு மாதிரிப் போகும். ஆகவே மாதம் 2,500 ஒதுக்குவோம். மொத்தம் 71,500 ரூபாய். ஞாயிறு, போயா, அவரவர் லீவு எல்லாம் கழித்து மாதம் 22 நாள் கைக்கு வருகிறது என்றால் ஒரு நாளுக்கு 3,250 ரூபாய். பெற்றோல், கருவி, யூனிபோர்ம் இதில் இல்லை.

வெளியாள் ஒரு ஏசி சேர்விஸுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார் என்று வையுங்கள். 71,500 ஐ 2,000 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 36. மாதம் 36 சேர்விஸுக்கு மேல் செய்தால் கடையாள் மலிவு, அதற்குக் கீழே போனால் வெளியாள் மலிவு. ஒருவர் நாளுக்கு மூன்று சேர்விஸ் என்று மாதம் 66 வரை செய்யலாம் என்பதால், இந்த 36 ஐத் தாண்டுவது கஷ்டமே இல்லை என்று தோன்றும். தோன்றுவது சித்திரையில். ஆள் எடுப்பதும் சித்திரையில்தான். சம்பளம் மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும்.

புதிதாக ஒருவரை எடுக்க யோசிப்பவர் வருடம் முழுவதையும் பார்க்க வேண்டும். 71,500 ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 858,000. அந்தக் காசுக்கு வெளியாளிடம் 429 சேர்விஸ் செய்விக்கலாம். புதியவர் மாதம் 66 செய்யக்கூடியவர் என்றால், அவர் கையில் முழு வேலை ஆறரை மாதத்துக்காவது இருக்க வேண்டும். உங்கள் பில் புத்தகத்தில் நெருக்கடி நான்கு மாதம்தான் என்றால் ஆள் எடுக்க வேண்டாம். ஏழு மாதம் என்றால் எடுங்கள். இடைப்பட்ட நிலை என்றால் மழை மாதத்து வேலையைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். ஹோட்டல், வங்கி, பாடசாலை போன்ற இடங்களில் வருடாந்தப் பராமரிப்பு உடன்படிக்கை செய்துகொண்டு, அந்தச் சேர்விஸ்களை ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் போட்டுவிட்டால் கடையாட்களின் கை சும்மா இருக்காது. வாடிக்கையாளருக்கும் வெயில் தொடங்க முன்பே மெசின் துப்புரவாகிவிடும்.

இங்கே பருவம் என்பது வெப்பம் மட்டுமல்ல. சோளகக் காற்று எழும்பினால் வலிகாமத்துச் செம்மண் புழுதி வெளி யூனிட்டின் சுருளில் போய்ப் படியும். சுருள் அடைபட்டால் சூடு வெளியேறாது, மெசின் திணறும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று அலுமினியத் தகட்டை அரித்து வைத்திருக்கும். பிறகு ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா. இருபத்தைந்து நாளும் வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊரில். வருடம் முழுவதும் பூட்டிக் கிடந்த வீட்டின் ஏசியை ஒரே இரவில் போட்டுப் பார்த்துவிட்டு, "குளிரவில்லை, நாளைக்கே ஆள் வேணும்" என்பார்கள். ஏசிக்குள் குருவிக் கூடு இருந்த கதையும் உண்டு. இந்தக் கூட்டத்தை நம்பி நிரந்தர ஆள் எடுக்க முடியாது. அவர்களுக்குத் திரும்பிப் போகும் ரிக்கெற் இருக்கிறது.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். ஒரு ஸ்பிளிற் ஏசியைப் பூட்டும்போது உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையில் செப்புக் குழாய் ஓடுகிறது. குழாயைப் பொருத்தி முடித்ததும் அதற்குள் காற்றும் ஈரமும் இருக்கும். வக்கியூம் பம்பைப் பூட்டி அதை முழுக்க உறிஞ்சி எடுத்து, அழுத்தமானி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் குளிரூட்டும் காஸைத் திறந்துவிட வேண்டும். இதற்கு அரை மணித்தியாலம் வரை போகும். குறுக்கு வழி ஒன்றும் உண்டு. வால்வைச் சற்றே திறந்து, கொஞ்சக் காஸால் காற்றை வெளியே தள்ளிவிட்டுக் குழாயை இறுக்கிவிடலாம். ஒரு நிமிட வேலை. இரண்டு விதமாகப் பூட்டினாலும் அன்று அறை ஒரே மாதிரித்தான் குளிரும். வீட்டுக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. கடைக்காரருக்கும் தெரியாது.

உள்ளே மிஞ்சிய ஈரம் பிறகு தன் வேலையைக் காட்டும். பழைய ஆர்-22 காஸ் மெசின்களில் இருந்த தாது எண்ணெயை விட, இப்போதைய ஆர்-410ஏ, ஆர்-32 மெசின்களின் எண்ணெய் ஈரத்தை அதிகமாக இழுக்கும். எண்ணெயோடு சேர்ந்த ஈரம் அமிலமாகி, கொம்பிரசருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் காப்பை அரிக்கும். கொம்பிரசர் போவதற்குள் பூட்டியவர் யார் என்பதே மறந்திருக்கும். பில்லில் இருப்பது கடையின் பெயர். அப்போது போய் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பவர் கடையாள்.

வெளியாள் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்குக் கூலி ஏசிக்கு இவ்வளவு என்று. வக்கியூமை ஒழுங்காகச் செய்தால் நாளுக்கு மூன்று பூட்டலாம், விட்டால் நான்கு. அந்த நான்காவது ஏசியின் கூலியை அவர் முன் நீட்டிவைத்திருப்பவர் முதலாளிதான். 2016 இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெங்ட் ஹோம்ஸ்ட்ரோம் ஆராய்ந்த விசயங்களில் இதுவும் ஒன்று. ஒரு வேலையில் அளக்கக்கூடிய பகுதியும் அளக்க முடியாத பகுதியும் கலந்திருக்கையில், அளக்கக்கூடியதற்கு மட்டும் காசு கொடுத்தால் மற்றது கைவிடப்படும். எண்ணிக்கைக்கு உச்சக் கூலி வைப்பதை விட, மாதச் சம்பளம் போன்ற மந்தமான ஏற்பாடு சில வேலைகளுக்குப் பொருந்துவது இதனால்தான்.

ஆகவே பிரிக்க வேண்டியது விலையைப் பார்த்து அல்ல, பிழை கண்ணுக்குத் தெரியுமா என்பதைப் பார்த்து. சுவரில் துளை, இரும்புத் தாங்கி, வயர் மறைக்கும் கேசிங், தண்ணீர்க் குழாயின் சரிவு ஆகியவற்றில் பிழை இருந்தால் அன்றைக்கே அல்லது அந்தக் கிழமையே தெரிந்துவிடும். அவற்றை வெளியாளுக்குக் கொடுப்பதில் பயமில்லை. குழாயின் வாய் விரித்தல், வக்கியூம், காஸ் அளவு ஆகியவை மறைந்திருக்கும் வேலைகள். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஒரே பூட்டலை இரண்டாக வெட்டிவிட்டார்கள். வெளியாட்கள் காலையில் போய்த் துளைத்து, தாங்கி அடித்து, குழாய் ஓட்டி, யூனிட்டைத் தொங்கவிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். பின்னால் ஒரு கடையாள் மோட்டார் சைக்கிளில் வக்கியூம் பம்போடு போய்க் கடைசி ஒரு மணித்தியால வேலையை முடிப்பார். ஒரு கடையாளால் நாளுக்கு நான்கைந்து பூட்டலை முடித்து வைக்க முடிகிறது. புதிதாகக் கட்டும் வீடுகளில் இது இன்னும் வசதி, சாந்து பூச முன்பே குழாய் போட்டாக வேண்டும் என்பதால் வேலை தானாகவே இரண்டு முறை ஆகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மறைந்திருக்கும் வேலை எல்லாம் கடைக்குள் இருக்க வேண்டும் என்றில்லை. இன்வேர்ட்டர் ஏசியின் சர்க்கிட் போர்டைத் திருத்துவது நுட்பமான வேலை, ஆனால் ஒரு கடைக்கு மாதத்தில் நான்கைந்துதான் வரும். அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவருக்குக் கையும் மறந்துபோகும். ஊரில் உள்ள பத்துக் கடைகளின் போர்டும் ஒரே மேசைக்கு வருகிற ஒருவருக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்கும். அவரிடம் அனுப்புவதே புத்தி. வேலை அடிக்கடி வருவதும் பிழை மறைவதுமாக இருந்தால் உள்ளே வைத்திருங்கள். எப்போதாவது வருவது என்றால் எவ்வளவு நுட்பமானாலும் வெளியே போகட்டும்.

வெளியாட்களில் மூத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 இல் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்ட பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் ஒரு துளி பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் இந்த ஊர்க்காரர்கள். அந்தப் பள்ளியில் படித்த கைகளுக்கு எதையும் ஓடவைக்கத் தெரியும். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை. ஆனால் புது மெசின் ஓடினால் மட்டும் போதாது, கையேட்டில் சொன்னபடி ஓட வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரியிலோ கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்திலோ படித்து, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு வரும் பொடியனுக்கு அளவுகள் தெரியும், ஊர் வீட்டின் விசித்திரங்கள் தெரியாது. இருவரையும் ஒரே வேலைக்கு ஒன்றாக அனுப்பிய நாட்களில் பில் புத்தகத்தில் மறுவருகைகள், அதாவது செய்த வேலைக்கே திரும்பவும் ஆள் அனுப்ப வேண்டிவருவது, குறைவதைக் கண்டிருக்கிறேன். ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன், என் கண் கணக்கு.

கடையாட்களின் நாளை எவ்வளவு நிரப்புவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். சம்பளம் கொடுக்கிறோம், சும்மா இருக்க விடலாமா என்று காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நிரப்பிவிடுவார்கள். வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது முன்கூட்டித் தெரியாத இடத்தில், வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கணிதம் வேறொன்றைச் சொல்கிறது. ஒரே ஆள், ஒரு வேலைக்குச் சராசரி ஒரு மணித்தியாலம். அவரது நேரத்தில் 80 வீதம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் அழைப்பு சராசரியாக 4 மணித்தியாலம் காத்திருக்கும். 90 வீதம் என்றால் 9 மணித்தியாலம். 95 வீதம் என்றால் 19. கடைசிப் பதினைந்து வீதத்தை நிரப்பப் போய்க் காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது. மருந்துக்கடைக் குளிர்சாதனமும் தனியார் வைத்தியசாலை ஏசியும் பழுதாகும் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. ஆகவே திகதி குறித்துச் செய்யக்கூடிய பூட்டல் வேலைகள் வெளியாட்களுக்குப் போக, கடையாட்களின் நாளில் ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கட்டும்.

தூரம் தனி விசயம். பருத்தித்துறைக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். நெடுந்தீவு என்றால் குறிகாட்டுவான் வரை போய்ப் படகு ஏறி இறங்க ஒரு நாளே போய்விடும். பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிக்கு வடமராட்சியிலேயே ஒருவரைப் பிடித்து வைப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சண்டை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காலையில், வேலை பிரிக்கும் பலகைக்கு முன்னால். "காசு வேலை அவையளுக்கு, கரைச்சல் வேலை எங்களுக்கு" என்று ஒரு கடையாள் என் முன்னாலேயே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புதிய ஏசி பூட்டப் போகிற வெளியாளுக்குக் கூலியும் கிடைக்கிறது, சந்தோசமான வீட்டில் பால் தேநீரும் கிடைக்கிறது. கடையாளுக்கு, வெளியாள் விட்ட பிழையைத் திருத்தப் போய் வாங்கும் ஏச்சு. இதைப் போனஸ் கொடுத்து ஓரளவு சரிசெய்யலாம். மூன்று மாதத்துக்குள் மறுவருகை வராத சேர்விஸுக்கு ஒரு சிறிய தொகை. அப்புறம் யாருடைய பூட்டலில் பிழை வந்ததோ அவர் கணக்கில் அந்த மறுவருகையின் செலவை எழுத வேண்டும். எழுதாத கடைகளில் வெளியாள் எப்போதும் மலிவாகத்தான் தெரிவார், ஏனென்றால் அவருடைய பிழையின் செலவு கடையாளின் சம்பளத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

வெளியாட்களின் குறை வேறு. காசு. ஹோட்டல்காரர் மூன்று மாதம் இழுத்தால் கடைக்காரரும் வெளியாளுக்கு மூன்று மாதம் இழுக்கிறார். அந்த மனிதர் மேலும் ஐந்து கடைகளுக்கு வேலை செய்பவர். சித்திரையில் ஆறு கடையும் ஒன்றாக அழைத்தால் யாருக்கு முதலில் போவார்? சனிக்கிழமை பின்னேரம் எண்ணிக் கொடுத்த கடைக்கு. கூலியைக் கூட்டுவதை விட நேரத்துக்குக் கொடுப்பது பலன் தரும், அதற்குச் செலவும் குறைவு. பத்து வீதத்தை ஒரு மாதம் பிடித்து வைத்து, முறைப்பாடு இல்லாவிட்டால் கொடுப்பதை அவர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள், மீதித் தொண்ணூறு உடனே வருமென்றால்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் கடையில் கையெழுத்து வைத்து, கடையின் ரீசேட்டைப் போட்டு, கடையின் கருவியோடு வருடம் முழுக்க ஒரே கடைக்கு ஓடும் ஒருவரை 'சப் கொந்தராத்து' என்று எழுதி வைத்தால் அவர் வெளியாள் ஆகிவிடமாட்டார். 1958 ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிகமாக வேலை செய்பவரையும் எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது, அதுவும் முதல் நாளிலிருந்து. தொழில் திணைக்களம் பெயரைப் பார்க்காது, யார் சொல்கேட்டு வேலை நடக்கிறது என்று பார்க்கும். கட்டாமல் விட்ட தொகைக்குத் தாமதத்தைப் பொறுத்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். இன்னொரு எண்ணும் முதலாளிமாருக்கு மனப்பாடம். 15 பேரை எட்டினால் பணிக்கொடைச் சட்டம் மட்டுமல்ல, 1971 ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டமும் வந்துவிடும். அதன்பின் வேலை குறைந்துவிட்டது என்பதற்காக, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் பொதுவாக யாரையும் நிறுத்த முடியாது. இதைப் பார்த்துப் பயந்து ஆள் எடுக்காமல் இருப்பவர்களும் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. மேலே சொன்ன ஆறரை மாதக் கணக்குச் சரியாக இருந்தால் நிறுத்த வேண்டிய தேவையே வராது.

யாழ்ப்பாணத்துக் கடை தானே ஒரு வெளியாள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கொழும்பில் உள்ள இறக்குமதியாளருக்கு இந்தக் கடைதான் சப் கொந்தராத்து. உத்தரவாதக் காலத்துப் பழுதைத் திருத்த அங்கிருந்து வரும் கூலி குறைவு, வருவதும் சுணங்கி. தன் வெளியாளிடம் தான் காட்டுகிற முகத்தையே கொழும்பு தனக்குக் காட்டுகிறது என்று ஒரு முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார், மாற்றியதாகத் தெரியவில்லை.

பழகிய ஆள் போய்விடுவது எல்லாக் கடையிலும் உள்ள புலம்பல். மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தால் நாலாவது வருடம் கனடாவுக்குப் போகிறான், இல்லையென்றால் சந்தியில் தன் பெயரில் போர்ட் போடுகிறான். கனடாவுக்குப் போனவனை ஒன்றும் செய்ய முடியாது. போர்ட் போட்டவனோடு கோபிப்பது மடமை. உங்கள் கடையின் முறைகள் தெரிந்த, வக்கியூமை விடக்கூடாது என்று உங்களிடமே ஏச்சு வாங்கிப் படித்த ஒருவரை விட நல்ல வெளியாள் எங்கே கிடைப்பார்? கொக்குவில் பக்கம் ஒரு கடைக்காரர், விலகிப்போன தன் முன்னாள் ரெக்னீசியனை ஆறு மாதம் முகம் பார்க்காமல் இருந்துவிட்டு, ஒரு சித்திரை நெருக்கடியில் அழைத்தார். இப்போது வலிகாமம் மேற்கு முழுவதும் அவர் கையில். பூட்டலுக்கு ஏசிக்கு இவ்வளவு என்று கூலி, வக்கியூம் அழுத்தமானியின் படம் வட்ஸ்அப்பில் வந்த பிறகு காசு. அவரும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். வேறு யாரோ பூட்டிய ஏசியில் பழுது தேட அனுப்பினால் அதற்கு எண்ணிக்கைக் கூலி வேண்டாம், நாட்கூலி வேண்டும். கடைக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார்.